பஞ்சவர்ணத்தின் புகை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். இழுக்க முடியாமல்தான் வந்திருப்பார்கள், இருந்தாலும் இழுப்பார்கள். சிறுமலையின் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, பலா மரங்களுக்கு நடுவே கட்டடம் இருக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து நோயாளிகளின் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். துரத்தினாலும் போகாது. நுரையீரலைக் கழுவ இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று மேலே யாரோ முடிவு செய்து, கழுவுகிறவளாக என்னையும் இங்கே ஏற்றிவிட்டார்கள்.

அங்காளேஸ்வரி வந்த அன்று மேகம் இடுப்பளவுக்கு நின்றது. மதுரையில் போக்குவரத்துக் காவலர். நாற்பதைத் தாண்டிய வயது. கூட வந்தவர் அவளுடைய அப்பா சோணைமுத்து. சாகும்வரை குட்டியானை சரக்கு வண்டி ஓட்டுவேன் என்று அடம்பிடித்து, மகள் சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்த பிறகு ஓய்வு பெற்றவர்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்து ஊதினாள். சின்னதாக ஒரு சீறல் வந்தது. அவ்வளவுதான்.

"இதாங்க டாக்டர். காளவாசல் சிக்னல்ல நின்னு உசுரக் குடுத்து ஊதுறேன். ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டேங்குறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் முடியும்வரை சோணைமுத்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஸ்கேன் படங்களை முன்பே பார்த்திருந்தேன். நுரையீரலில் மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. அதுவும் எவ்வளவு நாளைக்கு என்று சொல்வதற்கில்லை.

கருவியை இயக்குகிற பொறியாளர் இர்ஃபான்தான் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் கருத்து. சரியான கருத்துதான்.

"மூச்சுல உள்ள போற தூசி எல்லாம் திரும்பி வந்துடறதில்ல அய்யா," என்றார் சோணைமுத்துவிடம். "ரொம்பப் பொடிசா இருக்கறது உள்ளயே தங்கிடும். ஒண்ணு மேல ஒண்ணா, சுவத்துல வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி. நாங்க ஒரு ஆவிய உள்ள விடுவோம். அது மேல் பூச்சை உரிச்சு மூச்சோட வெளிய கொண்டாந்துடும். மறுநாள் அதுக்கு அடுத்த பூச்சு. இப்படியே அடிச்சுவர் தெரியற வரைக்கும். அதுக்கப்புறம் வளர்மருந்து குடுத்தா நுரையீரல் புதுசாத் துளிர் விடும்."

"வலிக்குமா தம்பி?"

"வலிக்காது. கனவு வரும்."

இந்தக் கனவை யாரும் எதிர்பார்க்கவில்லை. உரிந்த தூசி மூக்கு வழியாக வெளியே வரும்போது, அரைத் தூக்கத்தில் இருக்கிற மூளை அதை மோந்துவிடுகிறது. மோந்ததும் அதைச் சுவாசித்த இடத்துக்கே போய்விடுகிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய பஸ் நிலையம், மூடிப்போன சாயப்பட்டறை, இடித்துவிட்ட வீட்டின் அடுப்படி எல்லாம் அப்படியே வரும். ஆனால் ஒருமுறை வந்தால் அதுதான் கடைசி. கழுவிய வாசம் அந்த ஆளுக்கு அப்புறம் தெரியவே தெரியாது. ஏன் என்று எனக்கும் தெரியாது. தெரிந்ததாகச் சொல்லும் கட்டுரைகளை நான் நம்புவதும் இல்லை. அரிசி ஆலைக்காரர் ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போய், நெல் அவிக்கிற கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். வெறும் சூடுதான் வந்ததாம். போனில் சொல்லிவிட்டு, "பரவால்ல டாக்டர், மூச்சு வருதுல்ல" என்றார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சிலருக்குக் கனவு பிடித்துப்போய்விடும். அங்கேயே சுகமாக உட்கார்ந்து, மூச்சை வெளியே விட மறந்துவிடுவார்கள். அதனால்தான் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். கைதான் திரும்பி வரும் வழி. வெளியே வருவது அத்தனையும் நஞ்சு என்பதால், கையைப் பிடிக்கிறவர் முகக்கவசம் போட்டிருக்க வேண்டும். நஞ்சைக் குழாய் உறிஞ்சிக் கொண்டுபோய் எரித்துவிடும்.

"கையத்தான புடிக்கணும்? புடிச்சுக்கிட்டா போச்சு," என்றார் சோணைமுத்து.

முதல் நாள் காளவாசல் வந்தது. அங்காளேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டே வலது கையை நீட்டி பஸ்களை நிறுத்தினாள். "ஏய் ஷேர் ஆட்டோ, கோட்டுக்குப் பின்னாடி போ!" என்று அதட்டினாள். தன்னைத்தான் அதட்டினாள் என்பதுபோல, இர்ஃபான் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அன்று முழுவதும் அவள் கரிப்புகையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மேகத்தைப் பார்த்து, "டீசல் வாசமே மறந்துபோச்சு டாக்டர். இனி லைசென்ஸ் இல்லாதவனக் கூட மன்னிச்சு விட்ருவேன் போலருக்கு" என்றாள்.

அப்புறம் தெருமுனையில் எரிந்த குப்பைமேடு. அதற்கப்புறம் அடைத்த அறையில் வருஷக்கணக்காகக் கொளுத்திய கொசுவத்திச் சுருள். அதற்கடியில் சிகரெட். அவள் ஒரு நாளும் புகைத்ததில்லை. அவளை விட்டுவிட்டுப் போன புருஷன் புகைத்தவன்.

"இதக் கழுவறதுக்கு முன்னாடி யோசிக்கணுமா?" என்று அவளிடம் கேட்டேன். நான் எப்போதும் கேட்பேன்.

"ரெண்டு தடவ கழுவுங்க," என்றாள்.

கழுவக் கழுவ அவள் முகம் தெளிந்தது. வராந்தாவில் நடந்தாள். மேகத்துக்குள் போய் மறைந்து, இன்னொரு பக்கமாக வந்து அப்பாவைப் பயமுறுத்தினாள். அந்த வாரம் எனக்கே ஒரு கனவு மாதிரித்தான் இருந்தது. இவள் பிழைத்துவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இர்ஃபான் என்னைத் திரைக்கு முன் கூப்பிட்டார்.

எல்லாவற்றுக்கும் அடியில், பிறந்த வருஷத்தில் படிந்த ஒரு படலம் இருந்தது. வெள்ளையாக, மற்ற எல்லாவற்றையும்விடத் தடிமனாக. ஒரு கைக்குழந்தையின் நுரையீரலில் இவ்வளவு எப்படிப் போயிருக்க முடியும் என்று நான் திகைத்தேன்.

"சாம்பிராணி, மேடம்," என்றார் இர்ஃபான்.

சோணைமுத்துவை வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். திட்டுவதற்குத் தயாராகத்தான் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் புகை போடுகிற ஒவ்வொரு தாயையும் நான் திட்டாமல் விட்டதில்லை.

"அய்யா, உங்க பொண்ணுக்குக் குழந்தையில சாம்பிராணி போட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பின்ன? நாந்தானே போட்டேன். அவுக ஆத்தா இல்லல்ல."

தன் மனைவி பஞ்சவர்ணத்தைப் பற்றி அவர் அப்போதுதான் சொன்னார். முழங்காலைத் தொடும் முடியாம் அவளுக்கு. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, கவிழ்த்த கூடையின் மேல் முடியைப் பரத்தி, அடியில் சாம்பிராணிப் புகை காட்டிக் காயவைப்பாளாம். நிறைமாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அப்படிக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிட்டது. பாதி காய்ந்த முடியோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். குழந்தையை அவள் நெஞ்சின் மேல் படுக்கவைத்தார்கள். கொஞ்ச நேரம்தான். ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"அன்னிக்கு எடுத்த அழுகைய இந்தப் புள்ள நிறுத்தவே இல்ல டாக்டரம்மா. பாலு குடுத்தாலும் அழுகை, தூக்கினாலும் அழுகை. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நா குளிப்பாட்டி, சட்டியில கங்கு போட்டுப் புகை காமிச்சாக. பட்டுன்னு நிறுத்திருச்சு. கண்ண உருட்டிக்கிட்டு யாரையோ தேடுச்சு. எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. அவுக ஆத்தா முடி வாசம்ல அது!"

"அதுக்கப்புறம் தினமும் போட்டீங்களா?"

"தினமுமா? நாள் பூராவும் போட்டேன். சளி புடிச்சிரக் கூடாதுன்னு சன்னல் கதவெல்லாம் சாத்திட்டு, தொட்டிக்கு அடியில சட்டிய வச்சிருவேன். அணைஞ்சா அழும், உடனே இன்னொரு கங்கு. புள்ள எந்திரிச்சு நடக்கிற வரைக்கும். ஒத்த ஆம்பள எப்படி வளக்குறான் பாருன்னு தெருவே மெச்சுச்சு."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் சொல்லாமல் விடவும் முடியாது.

"அய்யா, பிறந்த முதல் வருஷத்துலதான் நுரையீரல் வேகமா வளரும். காத்து நிரம்பற சின்னச் சின்ன அறைங்க அப்பத்தான் முளைக்கும். இவங்களுக்கு அது சரியா முளைக்கல. புகை தடுத்துடுச்சு. மத்தவங்க தாங்கற டீசலும் சிகரெட்டும் இவங்கள இம்புட்டுச் சாய்ச்சதுக்கு அதுதான் காரணம்."

அவர் வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாந்தான்," என்றார்.

"தெரியாம செஞ்சீங்க."

"தெரியாம செஞ்சாலும் நாந்தான டாக்டரம்மா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது. அந்த நேரத்தில் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக மகளிடம் போய் எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டார். மறைத்தாலும் போலீஸ்காரி கண்டுபிடித்துவிடுவாள் என்றார்.

நான் பயந்தது வேறு, நடந்தது வேறு. அங்காளேஸ்வரி அப்பாவிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. என்னைப் பார்த்து, "அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க டாக்டர்" என்றாள்.

"அத விட்டா மத்தத எடுத்ததும் வீண். வளர்மருந்து சுத்தமான சுவத்துலதான் பிடிக்கும். பிடிக்கலன்னா அடுத்த மழைக்காலத்தத் தாண்டறது கஷ்டம். நேராவே சொல்லிடறேன்."

"எங்கம்மாவ நான் போட்டோவுலதான் பாத்திருக்கேன். ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதுலயும் தலையக் குனிஞ்சிருக்கும், மூஞ்சி தெரியாது. உள்ள அவுக வாசம் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது. இன்னிக்கே கழுவிருவாகளாம். என்னங்க நியாயம்?"

மருத்துவம் படித்தபோது இதற்கெல்லாம் பாடம் வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் மேகம் நகராமல் கிடந்தது. சோணைமுத்துதான் பேசினார்.

"கிறுக்குப் புள்ள. அது உங்காத்தாவா? அது கீழமாசி வீதிக் கடையில வாங்கின சாம்பிராணி. கிலோக்கணக்குல வாங்கினேன். வெறும் புகை."

"அம்மா முடி வாசம்னு சொன்னீங்க?"

"உன் அழுகைய நிறுத்த அது போதும். உங்காத்தா கூட குடும்பம் பண்ணவன் நானு, எனக்குத் தெரியாதா? அவ வாசம் வேற, இது வேற. புகையில எல்லாம் ஆளு இருக்க மாட்டாக தாயி. கழுவிட்டு வந்து ஒரே ஒரு தடவ அந்த விசில ஊது. நான் கேக்கணும்."

"நெசமாவா?"

"நெசமா."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். நான் நம்பினேன். அவளும் நம்பியிருக்க வேண்டும். சரி என்று படுத்துக்கொண்டாள்.

கடைசிக் கழுவல் அன்று வெளியே மரம், கட்டடம் எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்குள் நாங்கள் நான்கு பேர் மட்டும் மிதந்துகொண்டிருந்தோம். ஆவி உள்ளே போனதும் அங்காளேஸ்வரியின் முகம் சுருங்கிச் சின்னதாகிப்போனது. உதடு குவிந்தது. இத்தனை நாளும் கனவில் ஓயாமல் பேசியவள், ஒரு சொல்கூடப் பேசவில்லை. அப்போது அவளுக்குச் சொற்கள் கிடையாதல்லவா. அப்பாவின் உள்ளங்கையை விட்டுவிட்டு, அவர் சுண்டு விரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வெள்ளை வெள்ளையாக வந்தது, வந்துகொண்டே இருந்தது. சோணைமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். தன் கையாலேயே போட்ட கங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம்.

வெள்ளை குறைந்து, திரை தெளிந்தது. முடிந்தது என்று நான் எழுந்தேன்.

"மேடம், இருங்க," என்றார் இர்ஃபான் மெல்ல. "இதுக்கும் அடியில ஒரு இழை இருக்கு. ரொம்ப மெல்லிசு. இதுவும் சாம்பிராணிதான், ஆனா வேற மாதிரி. தேங்காய் எண்ணெய் கலந்திருக்கு, ஈரம் இருக்கு. முடியில இருந்து வந்திருக்கணும். இவங்க பிறந்து இழுத்த முதல் மூச்சு மேடம் இது."

சோணைமுத்து நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கேட்டுவிட்டது.

அங்காளேஸ்வரி சிரித்தாள். பல் இல்லாத குழந்தை சிரிக்கிற சிரிப்பு. மூக்கின் மேல் எதுவோ விழுந்து கூசியதுபோல முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெளியே விடவில்லை. திரையில் எண்கள் சிவந்தன.

"கையைப் பிடிங்க! கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

"ஈசு," என்றார் அவர். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "போதும் தாயி. விட்ரு. நான் வாங்கிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே முகக்கவசத்தைக் கழற்றினார். இர்ஃபான் பாய்ந்தார். நான் இர்ஃபானின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று யாராவது கேட்டால், நிறுத்தினேன், அவ்வளவுதான் என்பேன். சோணைமுத்து குனிந்து மகளின் முகத்தோடு முகம் வைத்தார். அவள் மூச்சை விட்டாள். குழாய் உறிஞ்சுவதற்குள் அவர் அதை இழுத்தார். கண்ணை மூடி, நெஞ்சு விரிய, கடைசிவரை இழுத்தார்.

"பஞ்சு," என்றார்.

மேகம் ஜன்னலை விட்டு விலகி, பலா மரம் பழையபடி தெரிந்தது.

அங்காளேஸ்வரி விழித்ததும், "அம்மா வந்தாகளா?" என்றுதான் கேட்டாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை.

"புகைதான் தாயி வந்துச்சு," என்றார் சோணைமுத்து. முகக்கவசம் மறுபடியும் அவர் முகத்தில் இருந்தது.

வளர்மருந்து பிடித்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் வாசலில் நின்று விசிலை ஊதினாள். பலா மரத்துக் குரங்குகள் மொத்தமும் அடுத்த மலைக்கு ஓடின. சோணைமுத்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன். மேகம் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து அவள் அப்பாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். இப்போது இருமல் அவருக்கு. வாழ்க்கை முழுக்க ரோட்டில் வண்டி ஓட்டிய நுரையீரல். வராமல் இருந்தால்தான் அதிசயம்.

"எனக்குச் செஞ்ச மாதிரியே கழுவி விடுங்க டாக்டர். அடம்பிடிச்சா சொல்லுங்க, கட்டிப் போடுறேன்."

படம் எடுத்தோம். இர்ஃபான் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரோட்டுப் புகை கருப்பு கருப்பாக அடுக்கி இருந்தது. வண்டியை விட்டபின் புதிதாக எதுவும் படியவில்லை. அத்தனைக்கும் மேலே, ஒரே ஒரு மெல்லிய வெள்ளை இழை.

"அய்யா, இந்தக் கருவி மேல இருந்துதான் ஆரம்பிக்கும்," என்றேன். "நடுவுல நுழைய அதுக்குத் தெரியாது. முதல்ல போறது அதுதான்."

சோணைமுத்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "எனக்கு இருமல் ஒண்ணும் பெருசா இல்ல டாக்டரம்மா."

"கழுவலன்னா வளரும்."

"வளரட்டும்."

அங்காளேஸ்வரி திரைக்கு அருகில் போய் நின்றாள். அந்த வெள்ளை இழையை வெகுநேரம் பார்த்தாள். அது என்ன என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவளுடைய படத்தில் இருந்ததும் அதே வெள்ளைதான். திரும்பி வந்து, காளவாசலில் வண்டியை ஓரங்கட்டுகிற குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு மாஸ்க்கக் கழட்டினீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊதுங்க."

"என்ன தாயி?"

"ஊதுங்கப்பா."

குடித்துவிட்டு ஓட்டி மாட்டிக்கொண்டவரைப்போல அவர் வாயைத் திறந்து ஊதினார். அவள் கண்ணை மூடி, அவர் முகத்துக்கு நேராக நின்று, முழு மூச்சாக இழுத்தாள். இப்போது அவளால் அது முடியும்.

"எனக்கு ஒண்ணும் வரல," என்றாள்.

"உனக்கு வராது தாயி. எடுத்தாச்சுல்ல."

"உங்களுக்கு வருதா?"

"காலையில எந்திரிக்கையில வருது. தல காயவச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருக்க மாதிரி இருக்கும்."

"புகையில ஆளு இருக்க மாட்டாகன்னு சொன்னீங்க."

அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கைப்பையைத் திறந்து புது முகக்கவசம் ஒன்றை எடுத்தாள். கைக்குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற பக்குவத்தோடு அதை அவர் முகத்தில் வைத்து, இரண்டு காதிலும் மாட்டி, இடைவெளி இருக்கிறதா என்று விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"இனிமே எங்க போனாலும் இதப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்," என்றாள். "மேல வேற எதுவும் படியக்கூடாது."

போய் வருகிறோம் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டாள். இருவரும் மேகத்துக்குள் இறங்கிப் போனார்கள். முதல் வளைவில் எதிரே ஏதோ லாரி புகை கக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவள் ஊதிய விசில் மலை முழுவதும் கேட்டது.